சூடு ஏறாத வீட்டுக்குக் கடன் இல்லையா? கடலூர், புதுச்சேரி வங்கியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வீட்டுக் கடன் வழங்கும் வங்கிகளின் மேலாளர்களுக்கும், அவர்கள் பட்டியலில் இருக்கும் மதிப்பீட்டுப் பொறியாளர்களுக்கும்,

நான் கேட்ட வீட்டுக் கடனை உங்களில் ஒருவர் மறுத்திருக்கிறார். மறுக்க வங்கிக்கு உரிமை உண்டு, அதில் எனக்குச் சண்டை இல்லை. சம்பளச் சான்று, பத்திரம், வில்லங்கம், சிபில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வீட்டைச் செலவு குறைவாகவும் உள்ளே சூடு ஏறாதபடியும் கட்டப்போவதையே குறையாக்கி மறுத்ததுதான் எனக்குத் தொண்டையில் சிக்கி நிற்கிறது. அதோடு விட்டார்களா? "சாதாரண செங்கல், சாதாரண தளம்னு எஸ்டிமேட்டை மாத்திக் கொண்டாங்க மேடம், இன்னும் நாலு லட்சம் சேர்த்தே சாங்ஷன் பண்ணிடலாம்" என்றும் சொன்னார்கள். குறைவாகக் கேட்டால் கிடையாது, கூடக் கேட்டால் உண்டு. வங்கியின் பெயரை இங்கே எழுதவில்லை. விசாரித்துப் பார்த்தவரை இது ஒரு கிளையின் பழக்கமாகத் தெரியவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் கடலூரில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கணவர் முதுநகரில் சிறிய கடை வைத்திருக்கிறார். திருப்பாதிரிப்புலியூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அந்த மாதிரி வீட்டில் சித்திரை, வைகாசியைக் கழித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் பொழுது சாய்ந்தபிறகுதான் வேலையைக் காட்டும். வெளியே கடல்காற்று வீசிக்கொண்டிருக்கும், உள்ளே மின்விசிறி சூட்டைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் பாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்குள் படுக்க முடியாமல் வீட்டின் மேல் படுக்கிறோம், அதற்கு வாடகையும் கொடுக்கிறோம்.

சொந்தமாகக் கட்டினால் இந்தத் தளத்தின் கீழ் இன்னொரு முறை படுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தோம். கேப்பர் மலைக்குப் போகிற வழியில் ஐந்து சென்ட் மனை இருக்கிறது. அதில் 850 சதுர அடி: இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை, முன்னால் ஒரு திண்ணை. வழக்கமான முறையில் கட்ட எங்களுக்குச் சொன்ன மதிப்பு 20 லட்சத்தைத் தொட்டது. நாங்கள் வரைந்த வீட்டுக்குப் பதினாறரை லட்சம். இந்த மூன்றரை லட்சம் எங்கே குறைந்தது என்பதைச் சொல்லிவிட்டால், மறுப்பு எவ்வளவு அபத்தம் என்பது உங்களுக்கே விளங்கும்.

சுவர், அழுத்திய மண்கல். செம்மண் கிராவலைச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு சிமென்ட் கலந்து, ஈரம் பார்த்து, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்தி எடுப்பது. நிழலில் அடுக்கி, காயவிடாமல் தண்ணீர் தெளித்து நான்கு வாரம் வைத்தால் கல் தயார். சூளை கிடையாது, விறகு கிடையாது, லாரி வாடகை பாதிக்கு மேல் கிடையாது. கடைக்காலுக்கும் மழைநீர்த் தொட்டிக்கும் தோண்டுகிற மண்ணே பெரும்பகுதிக்குப் போதும், மிச்சத்துக்குச் சில லோடு கிராவல். கல் ஒரே அளவாக வருவதால் வெளிப்பூச்சு வேண்டாம், உள்ளேயும் குளியலறை, சமையலறை தவிர வேண்டாம். பூச்சுக்கும் அதன் மேல் பட்டி, பெயின்டுக்கும் போகிற பணத்தைக் கட்டியவர்கள் அறிவார்கள்.

எல்லா மண்ணும் இதற்கு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 விழுக்காடு என்கிற வாக்கில் இருந்தால் சிமென்ட் நன்றாகப் பிடிக்கும். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களிமண்ணில் இந்தப் பேச்சே வேண்டாம். அங்கே சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், அல்லது வேறு கல்லைப் பார்க்க வேண்டும். எங்கள் மனை செம்மண் மேட்டில் இருப்பதால்தான் இந்த யோசனையே வந்தது.

கூரை கான்கிரீட்தான், ஃபில்லர் ஸ்லாப் என்கிற முறையில். இதை அழுத்திச் சொல்லக் காரணம், உங்கள் அறிக்கையில் இதுவும் 'வழக்கத்துக்கு மாறான கூரை' என்று ஏறியிருக்கிறது. ஃபில்லர் ஸ்லாப் என்பது என்ன? தளத்தில் மேல்பாதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாதியில் இழுவையைக் கம்பி தாங்குகிறது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே கீழ்ப்பாதியில் கிடக்கும் கான்கிரீட் சும்மா சுமைதான். அந்த இடத்தில் மங்களூர் ஓட்டையோ மண்சட்டியையோ கவிழ்த்து வைத்தால் கான்கிரீட் மிச்சம், எடை குறைவு, எடை குறைந்ததால் கம்பியிலும் கொஞ்சம் மிச்சம். சட்டிக்குள் சிக்கிய காற்று வெயிலைக் கீழே விடாமல் தடுக்கும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளம் முழுக்கப் பல பத்தாண்டுகள் இதைக் கட்டிக் காட்டிவிட்டார். பொறியியல் படித்த உங்கள் மதிப்பீட்டாளருக்கு இதைப் பள்ளி ஆசிரியை விளக்க வேண்டியிருந்தது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. சட்டியை வில்லியனூரில் சொல்லிவைத்திருக்கிறோம். புவிசார் குறியீடு வாங்கிய அந்த ஊர் மண்பாண்டக்காரர்களுக்கும் கொஞ்சம் வேலை கிடைக்கட்டுமே. தளத்துக்கு மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த சுருக்கி, அதற்கு மேல் வெள்ளைத் தட்டோடு.

இதெல்லாம் காகிதத்தில் மட்டும் இருந்திருந்தால் நீங்கள் தயங்குவதில் ஒரு நியாயம் இருக்கும். என் அப்பா கொத்தனார். கரணை பிடித்தே எங்களை வளர்த்தவர். மண்கல் என்று நான் சொன்னதும், "ஏம்மா, நான் செங்கல்லு கட்டிப் படிக்க வெச்ச பொண்ணு நீ, உனக்கு மண்ணு வீடா?" என்று கேட்டவர் அவர்தான். அவரை மனம் மாற்றியது என் பேச்சு இல்லை. முதலில் வந்த கற்களில் ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தார். காலையில் எடுத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், கரணைப் பிடியால் தட்டிச் சத்தம் கேட்டார், பக்கத்தில் ஊறிய நாட்டுச் செங்கல்லை எடுத்து அதையும் தட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மனையில் சிமென்ட் மூட்டை வைக்க ஓர் அறை வேண்டும் என்று அவரே நூல் பிடித்தார். அதை இந்தக் கல்லிலேயே கட்டினார், சட்டி வைத்த தளமே போட்டார்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது அந்த அறை நின்றுகொண்டிருந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அப்புறம் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பொங்கி, கடலூரின் ஆற்றோரப் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்; உங்கள் கிளைகள் சிலவற்றிலும் புகுந்திருக்கும். மனை மேட்டில் இருப்பதால் எங்களுக்கு வெள்ளம் வரவில்லை, மழை மட்டும் சாய்த்து அடித்தது. பூச்சில்லாத சுவர். மழை விட்டதும் அப்பா முதலில் போய்ப் பார்த்தது அதைத்தான். மேற்குப் பக்க மூலையில் கைப்பிடி அளவு கூட உதிரவில்லை. உள்ளே சிமென்ட் மூட்டை காய்ந்தே இருந்தது.

அதே அறையில் போன அக்னி நட்சத்திரத்தில் பள்ளி ஆய்வகத்து வெப்பமானி ஒன்றைத் தளத்துக்குக் கீழே தொங்கவிட்டேன், வாடகை வீட்டில் அதே மாதிரி இன்னொன்றை. இரவு ஒன்பது மணிக்கு இரண்டுக்கும் நாலைந்து டிகிரி வித்தியாசம் வந்தது. இது ஆய்வுக் கட்டுரை இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாலைந்து டிகிரிதான் உள்ளே படுப்பதற்கும் பாயைத் தூக்குவதற்கும் இடையில் இருப்பது.

இவ்வளவும் நின்றுகொண்டிருந்த இடத்துக்குத்தான் உங்கள் மதிப்பீட்டாளர் வந்தார். காரிலிருந்து இறங்கியதும் சாவியை எடுத்துச் சுவரில் ஒரு கீறல் போட்டார். செம்மண் தூள் கொஞ்சம் உதிர்ந்தது. தலையை ஆட்டிக்கொண்டார். சாவியால் கீறினால் நாட்டுச் செங்கலும் உதிரும், பூச்சும் உதிரும். அப்பா அதைச் சொல்ல வாயெடுத்தார். மதிப்பீட்டாளர் அதற்குள் செல்போனில் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார். பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கல்லை நனைத்து நசுக்கிப் பார்த்த அறிக்கையைக் கோப்போடு நீட்டினேன். "ஆபீஸ்ல குடுங்க" என்றார். ஆபீஸில் கொடுத்தேன். பிறகு வந்த மதிப்பீட்டில் கட்டுமான வகை 'மண் சுவர்' என்றும், எதிர்பார்க்கும் ஆயுள் 15 ஆண்டு என்றும் இருந்தது. நான் கேட்டது 20 ஆண்டுக் கடன். அந்த ஒரு வரியோடு கதை முடிந்தது.

அந்தப் பதினைந்து எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. சோதனை இல்லை, கணக்கு இல்லை, விதி எண் இல்லை. நிலைப்படுத்திய மண்கல்லுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரநிலை இருக்கிறது: ஐ.எஸ். 1725. முதலில் 1960இல் வந்தது, 1982இலும் 2013இலும் திருத்தினார்கள். நனைந்த நிலையில் எவ்வளவு வலிமை வேண்டும், எவ்வளவு நீர் உறிஞ்சலாம், மழை அரிப்பை எப்படிச் சோதிப்பது என்றெல்லாம் அதில் இருக்கிறது. கட்டடப் பாதுகாப்பைக் கருதி, தேசியக் கட்டட விதித் தொகுப்பின் அம்சங்களைக் கடன் கொள்கையில் சேர்ப்பது பற்றி வங்கிகளின் இயக்குநர் குழுக்கள் யோசிக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் வீட்டுக் கடன் சுற்றறிக்கை சொல்கிறது. அந்தத் தொகுப்பை வெளியிடுவதும் இதே அமைவனம்தான். அந்த அமைவனத்தின் எண் ஒரு சிமென்ட் மூட்டையில் இருந்தால் ஏற்கிறீர்கள். என் கல்லின் அறிக்கையில் இருந்தால் சாவி போதுமாயிருக்கிறது.

இந்தக் கல் எங்கோ வெளிநாட்டில் இருக்கும் சங்கதியும் இல்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் 1989 முதல் மண் கட்டுமானத்துக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. அங்கே பார்வையாளர் மையம் முழுக்க இந்தக் கல்தான். 1992இல் எளியோருக்கான கட்டடக் கலைக்குக் கொடுக்கும் ஹசன் ஃபாத்தி விருது வாங்கியது. அதன் பிறகு தானே புயல் வந்தது, 2015 பெருமழை வந்தது, ஃபெஞ்சல் வந்தது. கட்டடம் இருக்கிறது, பேருந்து பேருந்தாகச் சுற்றுலாப் பயணிகள் போய்வருகிறார்கள். விகாஸ் குடியிருப்பில் நாலு மாடி வரை இதே கல்லில் எழுப்பியிருக்கிறார்கள். 2001 நிலநடுக்கத்துக்குப் பின் குஜராத்தில் கிராமம் கிராமமாக இந்த முறையில் வீடு கட்டிக்கொடுத்தார்கள். வெளிநாட்டு மாணவர்கள் விமானமேறி வந்து கற்றுக்கொண்டு போகிற ஒன்றை, ஒரு மணி நேரத்தில் போய்ப் பார்த்துவரக்கூடிய நீங்கள் பார்க்கவே இல்லை என்பதை என்னவென்று சொல்ல?

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் அறியாதவள் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஏறியபோது ஓலைக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ், தகரம் எல்லாம் காற்றோடு போனது. கான்கிரீட் தளம் நின்றது. எங்கள் தெருவில் அன்று ராத்திரி எல்லோரும் ஓடி நுழைந்தது தளம் போட்ட வீட்டுக்குள்தான். கடலூர்க்காரர்களுக்குக் கான்கிரீட் மேல் வந்த நம்பிக்கை விளம்பரத்தில் வந்தது இல்லை, பட்டு வந்தது. அதனால்தான் நாங்களும் கூரையில் கான்கிரீட்டை விடவில்லை. தரையிலிருந்து மூன்றடி வரை கருங்கல், அதற்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரமான பிளிந்த் பீம், கதவு ஜன்னலுக்கு மேல் லிண்டல் மட்டத்தில் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பட்டை, தளத்தோடு பிணைத்த கம்பி, சுவர் நனையாமலிருக்க இரண்டடி நீட்டிய சன்ஷேடு. வெள்ளத்துக்கும் காற்றுக்கும் செய்ய வேண்டியதெல்லாம் வரைபடத்தில் இருக்கிறது. நடுவில் இருக்கும் சுவரும், தளத்தின் வயிற்றில் இருக்கும் சட்டியும்தான் வேறு.

கான்கிரீட்டே எதிரி என்றும் நான் சொல்லவில்லை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைப் பாருங்கள். அன்டோனின் ரேமண்ட் வரைந்து 1930களின் இறுதியில் தொடங்கி 1940களில் முடிந்த கட்டடம், முழுக்கக் கான்கிரீட். ஏ.சி.யை நம்பிக் கட்டியது இல்லை. நீளவாக்கு முகம் வடக்கும் தெற்கும் பார்க்கும், சுவருக்குப் பதில் திறந்து மூடும் தட்டிகள், தளத்துக்கு மேல் இடைவெளி விட்டு வளைந்த கான்கிரீட் ஓடுகளைப் பரப்பி நடுவே காற்று போகவிட்டிருக்கிறார்கள். வெயில் முதல் ஓட்டோடு நின்றுவிடும். கிட்டத்தட்ட எண்பது வருஷத்துக்கு முன்னால் நம் ஊரில் தெரிந்திருந்த ஒன்று நம் எஸ்டிமேட்களில் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அதிகாரம் இருக்கிற இடத்திலும் இதே கதைதான். 2011இல் பசுமை வீடு என்று 300 சதுர அடியில் மாநில அரசு கட்டிக்கொடுத்தது, ஐந்து சோலார் விளக்கு வைத்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் விளக்குக்கு மேலே இருந்தது அதே தளம்.

இனி உங்கள் கணக்குக்கே வருகிறேன். 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரை தர விதி இருக்கிறது. அந்த மதிப்பை எழுதுகிறவர் கையில்தான் குடும்பத்தின் இருபது வருஷம் இருக்கிறது. மாதத் தவணையைக் கட்ட முடியுமா என்று பார்க்கும்போது சம்பளம், ஏற்கெனவே இருக்கும் கடன், நகைக்கடன், பிள்ளைகள் எத்தனை என்று வரை கேட்டீர்கள். கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று ஒருவர் கேட்கவில்லை. ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றை ராத்திரிக்கு மட்டும் போட்டாலே ஆறேழு யூனிட் ஓடும். இரண்டு மாத பில்லில் அது மட்டும் நானூறு யூனிட்டைத் தொடும், மற்றதெல்லாம் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் மின்வாரியத்தின் கட்டண வரிசையே மாறிவிடும். நூறு யூனிட் இலவசம் இருந்தும் கோடையில் எங்கள் தெருவில் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடாத வீடு இல்லை. புதுச்சேரிப் பக்கம் அந்த இலவசமும் இல்லை. சூடு ஏறாத வீடு கட்டியவரிடம் மாதம் ஓராயிரம், இரண்டாயிரம் மிஞ்சும். அது உங்களுக்குத் தவணையாகத் திரும்பி வரவேண்டிய பணம். கடன் குறைவு, மாதச் செலவு குறைவு. எந்தக் கணக்கில் இது அதிக ஆபத்துள்ள கடன்?

மறுப்புக் கடிதம் வாங்கிய அதே கிளையின் வாசலில் சோலார் கடனுக்குப் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. வீடுகளின் சோலார் கடனை 10 லட்சம் வரை வங்கிகள் கட்டாயம் தரவேண்டிய முன்னுரிமைக் கடனாகக் காட்டிக்கொள்ளவும் உங்களுக்கு வழி இருக்கிறது. எனக்கும் சோலார் வேண்டும், இரண்டு கிலோவாட் போதும், வரைபடத்தில் இடம் விட்டிருக்கிறோம். ஆனால் கூரைமேல் தகடு வைக்கக் கடன் உண்டு, கூரையே சூடாகாமலிருக்கக் கடன் இல்லை என்றால் எப்படி? தகடு தருகிற மின்சாரம் ஏ.சி.க்குப் போய், ஏ.சி. தளத்தின் சூட்டோடு மல்லுக்கட்டி, கடைசியில் எல்லாம் தளத்துக்கே சமர்ப்பணம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைக்கக் கடன் கொடுத்த கதைதான்.

சட்டமும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. குடியிருப்புகளுக்கான ஆற்றல் சேமிப்பு விதி, ஈகோ நிவாஸ் சம்ஹிதா, 2018 டிசம்பரில் வந்தது. கூரை வழியாக உள்ளே வரும் வெப்பத்துக்கு அதில் வரம்பு இருக்கிறது: சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 1.2 வாட். வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விடும். ஆனால் 2018இல் வந்தபோது அந்த விதியை 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான் வைத்தார்கள். ஐந்து சென்ட் என்பது 200 சதுர மீட்டர் சொச்சம். அடுக்குமாடிக்கு வரம்பு உண்டு, ஆசிரியைக்கும் மீனவருக்கும் நெல்லிக்குப்பம் ஆலைத் தொழிலாளிக்கும் கிடையாது. இதே தமிழ்நாடு அரசுதான் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் செத்தால் நிவாரணம் இருக்கிறது. வெயில் ஏறாத வீடு கட்டக் கேட்டால் 'மண் சுவர்'.

கடைசியாக ஒரு வாதம் வைத்தீர்கள்: "நாளைக்கு ஏலம் விட்டா இந்த வீட்டை யார் வாங்குவாங்க?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் விடையையும் நீங்களே எழுதுகிறீர்கள். இந்த வகை வீட்டுக்கு எந்த வங்கியும் கடன் தராது என்றால் வாங்க வருபவருக்கும் கடன் கிடைக்காது, அவர் வரமாட்டார். அவர் வராததைக் காட்டி அடுத்தவருக்கும் மறுப்பீர்கள். கையில் ரொக்கம் இருக்கிறவர்கள் மட்டும் ஆரோவில் பக்கம் அழகழகாக இந்த வீட்டைக் கட்டிக்கொள்வார்கள். இது அவர்களைவிட எங்களுக்குத்தான் அதிகம் தேவை.

ஆகவே கேட்கிறேன்.

எந்தக் கல்லானாலும் அதன் சோதனை அறிக்கையை வைத்து மதிப்பிடுங்கள். ஐ.எஸ். 1725 சொல்லும் வலிமையும் நீர் உறிஞ்சலும் அறிக்கையில் இருந்தால், மதிப்பீட்டுப் படிவத்தில் அது செங்கல் சுவருக்குச் சமமாக ஏற வேண்டும். அறிக்கை மேல் சந்தேகம் இருந்தால் உங்களுக்கு வேண்டிய ஆய்வகத்தில் என் செலவிலேயே மறுபடி சோதியுங்கள். அதற்குப் பிறகு சாவி வேண்டாம்.

கட்டடத்தின் ஆயுள் என்று ஒரு எண் எழுதினால் அது எப்படி வந்தது என்று பக்கத்தில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த மதிப்பீட்டின் நகலைக் கடன் கேட்டவருக்குக் கேட்காமலே கொடுங்கள். கட்டணம் நாங்கள்தான் கட்டுகிறோம். மறுப்பு எந்த விதிப்படி என்பது எழுத்தில் வர வேண்டும். 'பாலிசி இல்லை மேடம்' என்று கவுன்டரில் சொல்வது பதில் ஆகாது.

ஃபில்லர் ஸ்லாபுக்குப் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கும் கையெழுத்தும் இருந்தால் அதைக் கான்கிரீட் கூரை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்லை நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு, நெய்வேலிச் சாம்பல் கல், சுண்ணாம்புப் பூச்சு என்று வருகிறவர்களுக்கும் இதே முறை பொருந்தும். நாலில் ஒரு செங்கல்லை மிச்சப்படுத்தும் எலிப்பொறிக் கட்டுக்கு எஸ்டிமேட் குறைகிறது என்பதற்காகக் கேள்வி கேட்டு அலைக்கழித்ததாக ஒரு சக ஆசிரியர் சொன்னார். சிக்கனம் சந்தேகத்துக்குரிய விஷயம் இல்லை.

சோலாருக்குத் தருகிற சலுகையில் பாதியாவது வெள்ளை ஓடு, வெயிலைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் பூச்சு, கூரைமேல் சுருக்கி ஆகியவற்றுக்கு வீட்டுக் கடனோடு சேர்த்துக் கொடுங்கள். ஏற்கெனவே கட்டி வெந்துகொண்டிருப்பவர்களுக்கு அது போதும், புது வீடு வேண்டாம்.

உங்கள் பட்டியலில் இருக்கும் மதிப்பீட்டாளர்களை ஒரு நாள் ஆரோவில்லுக்கு அனுப்புங்கள். போகும் வழியில் எங்கள் மனைக்கும் வரலாம். அப்பா இருப்பார், ஊறவைத்த கல்லும் வாளியும் தயாராக இருக்கும்.

என் விண்ணப்பத்தை வேறொரு மதிப்பீட்டாளரை வைத்து மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று அந்தக் கிளைக்குத் தனியே எழுத்தில் கொடுத்திருக்கிறேன், ஒப்புகைச் சீட்டும் வாங்கியிருக்கிறேன். கல் அழுத்த வெயில் காலம் வேண்டும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் தளம் போட்டாக வேண்டும். பங்குனி முடிவதற்குள் ஆம் என்றோ இல்லை என்றோ, இல்லை என்றால் எந்த விதி என்றோ, எழுத்தில் பதில் கொடுங்கள்.

இப்படிக்கு,
கேப்பர் மலை அடிவாரத்தில் மனை வைத்திருக்கும் ஓர் ஆசிரியை,
கடலூர்